துரை வீட்டு நாய்க்குத் தமிழ் தெரியாது

பதுளை,
விரோதிகிருது வருஷம், மாசி மாதம் 14-ந் தேதி, திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய சித்தப்பா அவர்கள் பாதங்களில் மீனாம்பாள் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் அப்பா, அம்மா, நான், வீட்டு வேலைக்கு உதவும் இராக்கம்மா, துரை வீட்டு நாய் ஆக ஐந்து பேரும் க்ஷேமம். ஐந்தாமவருடைய க்ஷேமம் மட்டும் மற்ற நால்வருடையதைத் தின்று வளர்கிறது. கொழும்பில் தாங்களும் சித்தியும் குழந்தைகளும் சுகமாயிருக்க அம்மா கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னவர் அப்பா. முடித்ததும் வாசித்துப் பார்த்து அவரே ஒட்டுவார். ஆகையால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து இந்த நாயைக் கொழும்புக்கு அழைத்துப்போக வேண்டும். நம் குடும்பத்தில் என்னைத் தவிர இங்கிலீஷ் தெரிந்தவர் தாங்கள் ஒருவர்தான்.

நமுனுகுல மலைத் தோட்டத்துத் துரை கார்த்திகையில் ஆறு மாத லீவில் சீமைக்குப் போனார். அவர் பங்களாவுக்கு அரிசியும் மாவும் கொடுப்பது நம் கடை. நாயைப் பார்த்துக்கொண்டிருந்த குதிரைக்கார வீரய்யாவும் அதே சமயம் திருச்சிப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டதால், துரை நாயை அப்பாவிடம் ஒப்படைத்தார். நாயின் பெயர் மேஜர். அதனோடு ஒரு கூடை, ஒரு கம்பளி, இங்கிலீஷில் ஒரு கடிதம். தினமும் நாலு மைல் நடத்த வேண்டும் என்று கடிதம் சொன்னது. அப்பா கடை வாசலில் துரையையே வரவேற்பது போல நின்று, "மேஜர், வாங்க, உள்ள வாங்க" என்றார். மேஜர் வரவில்லை. "உக்காருங்க" என்றார். உட்காரவில்லை. "சரி, உங்க இஷ்டம், நில்லுங்க" என்றதும் படுத்துக்கொண்டது. அப்பா நெடுநேரம் யோசித்து, "பாவம், அவங்களுக்குத் தமிழ் தெரியாது" என்று முடிவு கட்டினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்ததும், கடையில் பொட்டலம் கட்ட வரும் பழைய பத்திரிகைகளை மிளகாய் நெடியோடு படித்து, முடிவு தெரியாத கதைகளாகவே மனசில் சேர்த்து வைத்திருப்பதும் இந்த வீட்டில் நான்தான். நான் "கம்" என்றேன். மேஜர் எழுந்து வந்தது. பத்தொன்பது வயதுப் பெண் வாசல் தாண்டக் கூடாது என்ற சட்டம், இராக்கம்மாவின் துணையோடு, அன்று முதல் நாளொன்றுக்கு நாலு மைல் தளர்ந்தது.

இனி சங்கடங்களை அம்மா சொன்ன வரிசையில் எழுதுகிறேன். மேஜர் கூடையை விட்டுவிட்டு வறமிளகாய்ச் சாக்கின்மேல் தூங்குகிறது. அதனால் பகலெல்லாம் தும்முகிறது. பேரம் படியும் சமயத்தில் ஒரு தும்மல் விழுந்தால் வாங்க வந்தவர் எழுந்து போய்விடுகிறார். நாய்த் தும்மலுக்குச் சகுனம் உண்டா என்று அப்பா கோவில் ஐயரைக் கேட்டதற்கு, துரை வீட்டு நாய் என்பதால் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். தை மாதம் பண்டாரவளையிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்கள், தட்டு மாற்றலாமா என்று வாய் திறந்தபோது மூன்று தும்மல் விழுந்தது. காப்பியைக்கூட முடிக்காமல் வண்டி ஏறிவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைத்தெருவில் என்னை "நாய்க்கார அம்மணி" என்கிறார்களாம். நாய் போய்விட்டால் நான் வெளியே போவதும் நின்றுவிடும், பேச்சும் அடங்கிவிடும் என்பது அம்மாவின் கணக்கு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதையெல்லாம் மிஞ்சிவிட்டது. மலையடியிலுள்ள நம் தோட்டத்துக் கடைக்குச் சரக்கு ஏற்றிய மாட்டு வண்டியில் அப்பா, நான், இராக்கம்மா, மேஜர் நால்வரும் போனோம். வண்டி தேயிலைக்குள் நுழைந்ததும் மேஜருக்குத் தன் வீட்டு வாசனை பட்டிருக்க வேண்டும், குதித்து ஓடியது. "மேஜர், நில்லுங்க, தயவுசெஞ்சு நில்லுங்க" என்று அப்பா வண்டியில் எழுந்து நின்று கைகூப்பினார். அது நிற்காததால், இங்கிலீஷ் தெரிந்தவள் என்ற முறையில் நான் ஓட வேண்டியதாயிற்று. என் பின்னால் இராக்கம்மா. பங்களாவுக்குத்தான் போகும் என்று நினைத்தோம். அது பங்களாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போனது. தேயிலை முடிந்து, கூலிக்காரர் குடியிருக்கும் லயங்கள் முடிந்து, இடுப்பளவு மானாப்புல் வந்தது. ஒரு செருப்பை அங்கே தொலைத்தேன். புல் முடிந்து காடு வந்தது. அட்டைகள் காலில் பதினொன்று, எண்ணினேன். இராக்கம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, "பாப்பா, நாலு மைலுன்னுதானே துரை எழுதியிருக்காரு, அது மேலயா குறுக்கயான்னு எழுதலியா?" என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். "சீமையில எல்லாம் தட்டையா இருக்கும் போலருக்கு" என்று எழுந்து நடந்தாள்.

காடு திடீரென்று முடிந்தது. நாங்கள் ஒரு மொட்டைப் பாறை மேல் நின்றோம். கீழே தேயிலையும் இல்லை, பதுளையும் இல்லை. வெள்ளை மேகம் மட்டும் பரந்து கிடந்தது, வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. சத்தம் என்பதே இல்லை, மேஜர் மூச்சு வாங்குவதைத் தவிர. நமுனுகுலவுக்கு ஒன்பது சிகரம் என்பார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரை எண்ணியபோது மற்ற இரண்டை மேகம் மூடிவிட்டது. பிறகு கால்மாட்டில் மேகம் மெதுவாக விலகி, மலைமடிப்பில் ஒரு ஏரி தெரிந்தது. மலை முழுவதும் அதற்குள் தலைகீழாக, ஒரு புல் குறையாமல் நின்றது. ஒரு பறவை ஏரியைக் கடந்தபோது அது இரண்டாகப் பறந்தது. அதற்கு அப்பால் மொனராகலைப் பக்கத்துச் சமவெளி நீலமாகப் போய்க்கொண்டேயிருந்தது. எங்கே பூமி முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மலை ஆறாயிரத்துச் சொச்சம் அடி என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறேன். நம் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் தெரிவது இதுதான். பத்தொன்பது வருஷம் இதன் அடியில் துணி உலர்த்தியிருக்கிறேன், இப்படி ஒன்று மேலே இருந்துகொண்டிருந்தது தெரியாமல். பண்டாரவளைக்காரர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். மலை என்னைப் பார்க்கவேயில்லை. யாராலும் பார்க்கப்படாமல் நிற்பது அவ்வளவு சுகமாயிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. (அப்பா இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார். வர்ணனை அவருக்குப் பிடிக்காது.)

இராக்கம்மா என்ன ஆனாள் என்று திரும்பினேன். "நான் பொறந்தது இந்தக் கீழ் லயத்துலதான் பாப்பா" என்றாள். "கொழுந்து எடுக்கையில தலையத் தூக்குனா கங்காணி வைவாரு. இன்னிக்குத்தான் நிமுந்து பாக்குறேன்."

அவள் சொல்லி முடிக்கும் முன் மேஜர் சரிவில் இறங்கி ஏரியில் பாய்ந்து, மலையைக் கலக்கிக்கொண்டு நடுவை நோக்கி நீந்தியது. கரையில் நின்று நான் "கம்" என்றேன், "ஸ்டாப்" என்றேன், பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை எல்லாம் கடைசிப் பாடம் வரை சொன்னேன். அது கேட்கவில்லை. துரையின் நாய் மூழ்கினால் பங்களா வியாபாரமும் அதோடு மூழ்கும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. பிறகு எப்படியோ கரை ஏறியது. எப்படி என்று எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை. நாங்கள் இறங்கி வந்தபோது மணி நாலு. அப்பா லயத்து ஆட்களை நாலு திசைக்கும் அனுப்பிவிட்டு, அவர்கள் புல்லில் கண்டெடுத்த என் ஒற்றைச் செருப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி வண்டியருகில் நின்றார். "மேஜர் வந்துட்டாங்களா" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வீடு வரும்வரை செருப்பை அவர் கீழே வைக்கவில்லை.

ஆகவே, சித்தப்பா, துரை திரும்பும் வைகாசி வரை மேஜரைத் தாங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது. பண்டாரவளை ஸ்டேஷன் வரை அப்பா வண்டியில் கொண்டுவந்து விடுவார். சித்திக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். மேஜரும் தும்மலோடு தன் வந்தனத்தைத் தெரிவிக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மகள்,
மீனாம்பாள்.

பின்குறிப்பு: அப்பா வாசித்துவிட்டார். "மலையக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம், மத்தபடி சரி" என்று சொல்லிவிட்டுப் பசை எடுத்துவரக் கடைக்குப் போயிருக்கிறார். தாளின் பின்புறத்தை அவர் திருப்ப மாட்டார். சித்தப்பா, தயவுசெய்து வர வேண்டாம். மேஜருக்குத் தமிழ் தெரியும். ஏரிக்கரையில் என் இங்கிலீஷ் தீர்ந்துபோனதும் இராக்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "டேய், வாடா இங்கிட்டு, கட்டையில போறவனே" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். அது திரும்பி நேராக நீந்தி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. "படுடா" என்றாள், படுத்தது. வழியில் லயத்தில் இராக்கம்மாவின் தங்கை பெரியாயியைக் கேட்டோம். வீரய்யா குட்டியிலிருந்தே 'டா' போட்டுத்தான் வளர்த்தானாம். அதற்குத் தெரியாதது மரியாதைத் தமிழ் மட்டும்தான். அப்பா ஒரு தரம் "வாடா" என்று சொல்லிவிட்டால் போதும், கடைச் சிப்பந்தி யார் வேண்டுமானாலும் நாயை நடத்தலாம், நான் கொல்லைக் கதவோடு நின்றுவிட வேண்டியதுதான். ஆனால் துரை வீட்டு நாயை அப்படிக் கூப்பிட அவருக்கு வாய் வராது. இராக்கம்மாவும் வாயைத் திறக்க மாட்டாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நேற்றுத்தான் தங்கையைப் பார்த்தாள். அந்தச் செருப்பை நினைத்தால் மட்டும் எனக்கு உறுத்துகிறது. அதனால் அடுத்த ஞாயிறு ஓடப் போவதில்லை, அப்பாவிடம் சொல்லிக்கொண்டு, நாலு மைலை மேல்நோக்கி நடக்கப் போகிறோம். மலை நாய்க்குக் கொழும்பு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி தங்கள் கையால் நாலு வரி எழுதுங்கள். மேலே நாய் விஷயத்தில்தான் கொஞ்சம் மறைத்தேன், மலையும் ஏரியும் அப்பாவும் எழுதியபடியே நிஜம். எனக்கு இன்னும் இரண்டு சிகரம் எண்ண வேண்டியிருக்கிறது.