பார்வதத்தின் பல்லுக்கு மூன்று கொட்டேஷன்

ஆனி மாதம், மகள் அனுவின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டு முறுக்கைக் கடித்ததில் பார்வதத்தின் மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு போனது. சம்பந்தி வீட்டு முறுக்கு என்பதால் அதைப் பற்றி யாரும் மேற்கொண்டு பேசவில்லை. கல்யாணம் தையில், திருவிடந்தையில். அதற்குள் பல் வந்தாக வேண்டும். மணமகளின் தாயாராக ஓட்டை வாயோடு ஆல்பத்தில் நிற்க அவள் தயாராக இல்லை.

செங்கல்பட்டு பல் டாக்டர் ஜெஸ்ஸி எக்ஸ்ரேயைப் பார்த்தார். "இம்ப்ளான்ட் வெச்சுடலாம்மா. தாடை எலும்புல ஒரு திருகு. அது எலும்போட ஒட்ட நாலு மாசம். அப்புறம் மேல கேப். முப்பத்தஞ்சாயிரம். இப்பவே ஆரம்பிச்சா கார்த்திகையில முடிஞ்சிடும்."

பார்வதம் தலையாட்டினாள். கணவர் ஜானகிராமன் ஆட்டவில்லை. ஒரு பெரிய ஆபீசின் கொள்முதல் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம், மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு குண்டூசியும் வாங்காமல் ரிட்டயரானவர் அவர்.

"டெலிவரி லேட்டானா வாரத்துக்கு அரை சதவீதம் பிடிப்போம். சம்மதமா?"

"சார், ஒட்ட வேண்டியது எலும்பு. அதை நான் விரட்ட முடியாது."

"அப்ப எலும்பு சார்பா நீங்க கையெழுத்துப் போடுங்க."

சீல் வைத்த உறையில் விலை கேட்டு மூன்று டாக்டர்களுக்குக் கடிதம் போனது. ஆடியில் வந்தவை இரண்டே உறைகள். கருங்குழி டாக்டர் பதில் போடவில்லை. ஆகவே விதிப்படி அறிவிப்பு ரத்து; மறு அறிவிப்பு. ஆவணியில் மூன்றும் வந்தன. திருகுக்குக் கருங்குழி குறைவு. கேப்புக்கு, கடல் பார்த்த நாற்காலியும் இலவச இளநீரும் தரும் ஈ.சி.ஆர். கிளினிக் குறைவு. எனவே திருகு கருங்குழியில், கேப் ஈ.சி.ஆரில் என்று உரிய பரிசீலனைக்குப் பின் முடிவானது.

"ரெண்டும் வேற வேற கம்பெனி. ஒண்ணுக்கொண்ணு சேராதாம்," என்றாள் பார்வதம்.

"சேரும்னு ரெண்டு பேரும் எழுதிக் கொடுக்கட்டும்."

"என் வாய்க்குள்ள வர்றதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"நீ பயனாளி. பயனாளி கமிட்டியில உட்காரக் கூடாது."

ஐப்பசியில் பயனாளி பொறுமை இழந்து தனியாகவே பஸ் ஏறி செங்கல்பட்டு போனாள். "இப்ப ஆரம்பிச்சா பங்குனிம்மா," என்றார் ஜெஸ்ஸி.

தை பிறந்தது. கல்யாண மண்டபத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றவளிடம் மாமல்லபுரத்து போட்டோகிராபர் சுதாகர் சொன்னான்: "இன்னாம்மா, பொண்ணு கல்யாணத்துல மூஞ்ச உர்ர்னு வெச்சினு கீறீங்க? நல்லா சிரிங்க. பல்ல நான் கம்ப்யூட்டர்ல வெச்சுக்கிறேன்."

பார்வதம் சிரித்தாள். மாசியில் ஆல்பம் வந்தது, பதினேழு படங்களில் பல்லோடு. ஜானகிராமன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பைலில் எழுதினார்: 'மேற்படி பல் நல்ல நிலையில் பெறப்பட்டது. கோப்பு முடிக்கப்படலாம்.'

"இனிமேலாவது டாக்டர்கிட்ட போகலாமா?"

"அதான் வந்துடுச்சே," என்று ஆல்பத்தைக் காட்டினார்.

ஆல்பம் பார்க்க வந்த, அதே ஆபீஸ்காரர்கள் குடியிருப்புப் பெண்களும் எதிரில் ஓட்டை வாயோடு நின்றவளைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார்கள்.

"எந்த டாக்டர், பார்வதம்? எத்தனை மாசம்?"

"சுதாகர். ஒரே நாள்."

மறுவாரம் சுதாகரின் ஸ்டூடியோ வாசலில் வரிசை. நாலு பேர் மருத்துவச் செலவைத் திரும்பப் பெற ரசீது கேட்டு வாங்கினார்கள். சிகிச்சைக்கு அத்தாட்சியாகப் படம் இணைத்திருந்ததால், ஆபீஸ் ஒரே நாளில் பாஸ் செய்தது.