லூமுட்டுக்கு நாங்கள் இருவர் மட்டும்

செமோர்,
9 செப்டம்பர் 1984

அன்பும் பாசமும் உள்ள மச்சான் கஸ்பாருக்கு, உன் அக்காள் புருஷன் ஆம்புரோஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் உன் அக்கா அகதாவும் இவ்விடம் சுகம், என் வலது முட்டியைத் தவிர. அவ்விடம் நீயும் தங்கை ஹில்டாவும் பிள்ளைகளும், தெலுக் இந்தான் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாமல், சுகமாக இருக்க வேண்டுமாய்ச் செபிக்கிறேன்.

நிற்க. நான் மண்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் உன் அக்கா வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. போன மாதம்தான் முதன்முறையாகக் கேட்டாள். ஒரு தடவை கடலோரமாக நாம் இரண்டு பேர் மட்டும் போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்றாள். மட்டும் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். தோட்டத்தில் அத்தனை சனத்துக்கு ரப்பர் மர நெரை பிரித்து வேலை வாங்கினவனுக்கு இது ஒரு வேலையா? செப்டம்பரில் பள்ளி விடுமுறை முடிந்திருக்கும், மழையும் இன்னும் பிடித்திருக்காது, கடற்கரையில் ஈ காக்கை இருக்காது என்று யோசித்து, மளிகைக்கடை டெலிபோனிலிருந்து லூமுட்டில் ஒரு சின்ன விடுதிக்கு நானே மலாயில் பேசி, கடலைப் பார்த்த மாதிரி ஓர் அறையும் வாசலில் இரண்டு நாற்காலியும் ஏற்பாடு செய்துவிட்டேன். உன் அக்கா அன்றைக்கு ஒரு தடவை சிரித்தாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் எதையாவது அரைகுறையாகச் செய்கிறவனா? பயணம் நல்லபடி அமைய ஒரு பூசை வைத்துவிடுவோம் என்று தோன்றியது. பக்திதான் காரணம். உபதேசியார் மத்தியாஸ் எழுந்து நின்று பூசைக் கருத்தை வாசிக்கும்போது நம்ம பேரு கோயில் பூரா கேக்கும்ங்கிறதும் ஒரு சின்னக் காரணம், இல்லேங்கல. போன ஞாயித்துக்கிழமை வாசிச்சாரு மச்சான், லூமுட் கடலோரம் செல்லும் ஆம்புரோஸ் அகதா தம்பதியரின் பயணம் ஆசீர்வதிக்கப்படன்னு. எனக்கு நெஞ்சு அப்படியே நிமிந்துச்சு. உன் அக்கா முக்காட்டை இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா. நம்ம சனத்தப் பத்தி உனக்குத் தெரியாததா? ஒரு பயணத்துக்குப் பூசை வச்சா அது திருயாத்திரை. சூலை மாசம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா கோயிலுக்கு அப்படித்தானே பூசை வச்சு பஸ் எடுக்குறோம்? பூசை முடிஞ்சு வெளிய வாரேன், வாசல்ல ஆளுங்க பேரு குடுக்க நிக்கிறாங்க. அங்க எந்த மாதாண்ணேன்னு ஒரு அம்மா கேட்டுச்சு. சும்மா காத்து வாங்கப் போறோம்னு சொல்லியிருக்கணும். இந்த வயசுல பொண்டாட்டியோட காத்து வாங்கவா பூசைன்னு சிரிப்பாங்களேன்னு தொண்டையச் செருமுனேன். அதுக்குள்ள மத்தியாஸு, கடலோரம்னா வேளாங்கண்ணி மாதாவாத்தான் இருக்கும், அதுவும் மாதா பொறந்த மாசம்னு அவரே தீர்ப்புச் சொல்லிட்டாரு. நான் இல்லேன்னு சொல்லல.

சேதி வேலியத் தாண்டி பக்கத்து வீட்டு மாரியம்மாவுக்குப் போயிடுச்சு. அது பேத்திக்கு அடிக்கடி காய்ச்சல், அந்தக் கடலோரத்துல மொட்டை போடுறேன்னு உடனே நேந்துக்கிச்சு. வேண்டுதல் வச்சாச்சுண்ணே, இனிமே மாத்த முடியாதுலான்னு கையெடுத்துக் கும்பிடுது, நான் என்ன சொல்லட்டும்? அத்தோட எங்க தெருவுல மத்தச் சாமி கும்பிடுறவங்களும் ஒரு வீடு விடாம கிளம்பிட்டாங்க. கடைசி வீட்டு உடையப்பன் ஃபேக்டரி பஸ் ஓட்டுறவரு, முதலாளிகிட்ட கேட்டு பஸ்ஸையே வாங்கிட்டாரு. அப்புறம் யாராவது ஒழுங்கு பண்ணணும்லா? நேத்து சாயங்காலம் எல்லாரையும் தெருவுல வரிசையா நிக்க வச்சு, தோட்டத்துப் பெரட்டுல விடியக்காலம் கூப்பிடுற மாதிரி ஒவ்வொருத்தரு பேராக் கூப்பிட்டேன். ஆஜர் ஆஜர்னு குரல் வர வர எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. நான் பேசி வச்ச அறைய பொம்பளைங்க உடுப்பு மாத்த ஒதுக்கிட்டேன். ரெண்டு நாற்காலிய பங்குச் சாமியார் வந்தா உக்கார வச்சிருக்கேன். தலைவர் சம்சாரங்கிற முறையில உன் அக்காவுக்குத்தான் சோத்துப் பொறுப்பு, கோயில் அண்டா ரெண்டும் குசினிக்கு வந்து சேந்துடுச்சு. அவ சட்டியக் கொஞ்சம் சத்தமா வச்சா, சந்தோசம்னு எடுத்துக்கிட்டேன்.

ஆகவே மச்சான், வருகிற 23-ஆம் தேதி ஞாயிறு காலை நீ குடும்பத்தோடு லூமுட் வழியிலுள்ள சித்தியவான் முச்சந்தியில் வந்து நிற்கவும். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து வருவது நான்தான். இந்த வட்டாரத்தில் ஓய்வு பெற்ற எந்த மண்டோரும் இத்தனை சனத்தைக் கடலுக்குக் கூட்டிப் போனதில்லை என்பதை உன் கூட்டாளிகளிடமும் சொல்லவும்.

உங்கள் வீட்டு அடுப்பும் விளக்கும் அணையாமல் மாதா காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், ஹில்டாவுக்கு என் ஆசீர்.

இப்படிக்கு,
உன் பிரிய மச்சான்,
மே. ஆம்புரோஸ்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரிச்சு எழுதுறேன். மேலே சொன்ன எதையும் கணக்குல எடுத்துக்காதே. கடுதாசிய உன் அக்காவுக்குப் பெருமையா வாசிச்சுக் காட்டுனேன். கேட்டு முடிச்சு, அடுப்ப அணைச்சிட்டு வந்து எதிர்ல உக்காந்தா. "நான் கடலுக்கா ஆசைப்பட்டேன்? நாலு பேரு பக்கத்துல இல்லாம நீங்க எங்கிட்ட பேசி எத்தனை வருசமாச்சு? அதுக்குத்தான் கேட்டேன்" ன்னா. எனக்கு வெக்கமா இருந்துச்சு மச்சான், சந்தோசமாவும் இருந்துச்சு, எதை முதல்ல காட்டுறதுன்னு தெரியல. இப்பவே போயி எல்லாத்தையும் நிப்பாட்டிடுறேன்னு எந்திரிச்சேன். கையைப் பிடிச்சு உக்கார வச்சிட்டா. மாரியம்மா நேத்திக்கடன் இருக்கு, நிப்பாட்டக் கூடாதாம். நம்பிக் கும்பிடுறவங்களுக்கு எந்தக் கடலோரத்துலயும் மாதா வருவாங்களாம். பேரு கூப்பிடுறத மத்தியாஸு பாத்துக்கட்டும், அண்டா ரெண்டையும் அவரு வீட்டுக்கே அனுப்பிடலாம், தலைவருக்கு வயித்துக்கடுப்புன்னு சொல்லிட்டு நாம வீட்டுலேயே இருந்துக்கலாம்ங்கிறா. "கடலு எங்க ஓடிடப் போகுது? இந்தத் தெருவு ஒரு நாளு காலியாகுறதுதான் கிடைக்காது" ன்னு சொல்லிச் சிரிச்சா பாரு. ஊருல ஒருத்தன் பொண்டாட்டிக்குச் சங்கிலி வாங்கித் தருவான், ஒருத்தன் சேலை வாங்கித் தருவான். ஒரு தெருவையே காலி பண்ணிக் குடுக்கப் போறவன் நான் ஒருத்தன்தான், இதையும் உன் கூட்டாளிங்ககிட்ட சொல்லு. அன்னிக்குச் சோறு ஆக்குறதும் நான்தான், நீ சிரிக்காதே. நீங்க லூமுட்டுக்குப் போறதுன்னா தாராளமாப் போங்க. திரும்புற வழியில அக்காவ ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறோம்னு இங்க மட்டும் வந்துடாதீங்க.