ஸ்ட்ரெச்சருக்குப் பெட்ரோல்

மென்பொருள் அலுவலகங்களில் வம்சக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். இரண்டு பொருள்களைச் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. உடனே நிரலில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெற்றோர் வகுப்பை, அதாவது பொதுக் குணங்களின் பட்டியலை, எழுதி, அதன் குணங்களையெல்லாம் பிள்ளை வகுப்புகளுக்குச் சொத்தாக எழுதிவைத்து, ஒரே வரியைப் பல இடங்களில் எழுதும் பாவத்திலிருந்து உலகத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு டீ குடிக்கப் போவார். நல்ல வழக்கம்தான். ஒரே நிபந்தனை: பெற்றோரை நம்பிக் கொடுத்த வேலையைப் பிள்ளையிடம் கொடுத்தாலும் அது ஒழுங்காக நடக்க வேண்டும். இவர் அதற்காகக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு மருத்துவமனைக்காக இவர் செய்த வேலையைக் கேளுங்கள். ஆம்புலன்ஸ் ஒரு வண்டி. வேன் ஒரு வண்டி. சரி. நோயாளியைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சர்?

"அதுக்கும் நாலு சக்கரம் இருக்கே. வண்டிதான்."

"சார், எல்லா வண்டிகிட்டயும் பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு கேக்கறோம். ஸ்ட்ரெச்சர் என்ன சொல்லும்?" என்று கேட்டாள் கூட வேலை பார்க்கும் பெண்.

"பூஜ்யம்னு சொல்லட்டும்மா. உண்மைதானே?"

உண்மைதான். சோதனை ஓட்டத்தில் மென்பொருள் அத்தனை ஸ்ட்ரெச்சர்களையும் 'பெட்ரோல் தீர்ந்தது' என்று ஒதுக்கிவிட்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு வரும்படி ஓட்டுநர்களுக்குச் செய்தியும் அனுப்பியது. அன்று மாலைதான் அந்தப் பெண்ணின் மகளுக்குப் பள்ளியில் ஓட்டப்பந்தயம். வந்தே தீருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இதைச் சரிசெய்யாமல் கிளம்பவும் முடியாது. நம்மவர் கலங்குவாரா?

"ஸ்ட்ரெச்சருக்கு எப்பவும் டேங்க் ஃபுல்னு எழுதிடலாம்மா."

"அப்புறம் பேஷன்டை அதுல ஏத்தி அடுத்த ஊருக்கு அனுப்பிடும் சார்."

"அப்ப நடுவுல ஒரு சித்தப்பா வகுப்பு..."

அவள் ஸ்ட்ரெச்சரை வண்டி வம்சத்திலிருந்து பிரித்துத் தனியாக எழுதினாள். நகரும், ஆளைச் சுமக்கும், பெட்ரோல் பற்றி அதை யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடியது. "குடும்பத்தையே பிரிச்சிட்டியேம்மா" என்று அவர் நொந்துகொண்டபோது அவள் படியிறங்கிப் போய்விட்டிருந்தாள்.

மூச்சிரைக்க மைதானத்துக்குள் நுழைந்தபோது மகள் எல்லைக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ஆளாக. ஆனாலும் அம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஸ்ட்ரெச்சரிடம் பெட்ரோல் கேட்கக் கூடாதென்று தெரிந்த அந்த அம்மாவின் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா?

"நான் படிக்கறப்ப ஓட்டத்துல ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. என் வயித்துல பொறந்துட்டு எப்படிடி கடைசியா வந்தே?"

அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

நீங்கள் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை, தெரியும். எதற்கும் அடுத்த அறையில் இருக்கும் உங்கள் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.