ஐந்து புள்ளி எட்டு அண்ணை

மாண்ட்ரியலில் குடியிருந்த அத்தனை தமிழர்களிலும் தண்ணீரைச் சந்தேகப்பட்டே ஆயுளைக் கழித்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் புது ஆளைப் பார்த்தால் எந்த ஊர், என்ன வேலை, பேப்பர் கிடைத்துவிட்டதா என்று விசாரிப்பார்கள். இவர் மட்டும் உங்கள் வீட்டுக் குழாயில் பி.எச். எவ்வளவு என்று கேட்பார். தெரியாது என்று சொன்னால், இந்த மனுஷி இத்தனை நாள் எப்படி உயிரோடு இருக்கிறாள் என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்.

இரண்டாயிரங்களின் நடுவில், கம்பெனி என்னைத் திருச்சியிலிருந்து அங்கே அனுப்பியது. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. செயின்ட்-மிஷேல் பகுதியில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். பெட்டியை இறக்கி வைத்த மூன்றாம் நாள், சட்டைப் பையில் பேனா மாதிரி எதையோ செருகிக்கொண்டு வந்து நின்றார். எலக்ட்ரீஷியன் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டேன். நேரே சமையலறைக்குப் போனவர், ஆறவைத்திருந்த என் ரசத்தில் அதை முக்கினார்.

“மூண்டு புள்ளி ஒன்பது. புளி கூடிப்போச்சு பிள்ளை,” என்றார்.

குடித்துப் பார்த்தேன். கூடித்தான் போயிருந்தது.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். மாண்ட்ரியலுக்கு அகதியாக வந்து பத்து வருஷம் தட்டுக் கழுவிவிட்டு, நீச்சல் குளங்களில் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். பி.எச். ஏழுக்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் சோப்புத் தண்ணீர்ப் பக்கம் என்று எனக்குப் பாடம் நடத்தியதும் அவர்தான். கோயிலில் பஞ்சாமிர்தத்தை அளக்கப் போய் அந்தப் பேனா மீட்டரில் வாழைப்பழம் அடைத்துக்கொண்டதும், ஐயர் இரண்டு மாதம் அவருக்குப் பஞ்சாமிர்தம் கொடுக்காததும் ஊரறிந்த கதை. இவ்வளவையும் அளந்தாலும் அவர் மனம் லயித்தது ஒரே எண்ணில்தான். ஐந்து புள்ளி எட்டு. அதுவே பட்டப்பெயராகவும் நிலைத்துவிட்டது.

அந்த எண் அவர் வீட்டு நிலவறையில் வளர்ந்த செடிகளுக்கு உரியது. சுற்றி வளைப்பானேன், கஞ்சாச் செடிகள்தான். பதறாதீர்கள். அண்ணை வெற்றிலைகூடப் போடாத மனிதர். அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, நரம்பு வியாதி. கெண்டைக்கால் இரண்டும் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். கொடுத்த மாத்திரை எல்லாம் வாந்தியில் முடிந்தது. கடைசியில் டாக்டர் எழுதிக்கொடுக்க, ஒட்டாவா அரசாங்கத்திடமிருந்து வீட்டிலேயே வளர்த்துக்கொள்ள அனுமதிக் கடிதம் வந்தது. எத்தனை செடி என்ற கணக்கும் அதிலேயே இருந்தது. அண்ணை அதை லாமினேட் செய்து வரவேற்பறையில் மாட்டி வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்து முடித்த பிறகுதான் தேத்தண்ணி வரும். கஞ்சா என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் கிடையாது. “மருந்து” என்பார். ஒரு விருந்தாளி வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட, அன்றைக்கு அவருக்கு வடை கிடைக்கவில்லை.

மருந்து இருக்கிற மாதத்தில் அக்கா நடப்பார், சாப்பிடுவார், என்னைக் கூப்பிட்டு வைத்துக் கதையளப்பார். இல்லாத மாதத்தில் கட்டிலே கதி. அண்ணையின் பைத்தியக்காரத்தனம் முழுக்க இதற்காகத்தான் என்று எனக்குப் புரிய ஒரு குளிர்காலம் பிடித்தது.

செடிகளை மண்ணில் வைக்காமல் தேங்காய்த் தும்பில் வைத்திருந்தார். தும்பு மூட்டையில் ‘ஸ்ரீலங்கா’ என்று அச்சடித்திருக்கும். அதை ஒரு தடவை தட்டிக்கொடுத்து, “நாங்கள் ரெண்டு பேரும் ஒரே இடத்தில இருந்து வந்தனாங்கள். இதுக்கு மட்டும் உடனே விசா குடுத்திட்டாங்கள்,” என்றார்.

சுத்தமான தண்ணீர் தேடி அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் தெருமுனை தெப்பனூரில், அங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர், காய்ச்சி வடித்த தண்ணீரைக் கேன் கேனாக வாங்கினார். அதை இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றுவார்கள் போலிருக்கிறது. வீட்டில் எத்தனை இஸ்திரிப் பெட்டி என்று கடைக்காரர் கேட்டாராம். அந்தத் தண்ணீரில் சத்து என்று ஒன்றுமே இல்லாமல் செடி சோர்ந்தது. அடுத்து, வானத்திலிருந்து வருவதைவிடச் சுத்தம் உண்டா என்று பிப்ரவரியில் பின்வாசல் பனியை வாளி வாளியாக அள்ளி உருக்கினார். நடைபாதைக்குத் தூவிய உப்பை எல்லாம் பனி அள்ளும் வண்டி அங்கேதான் ஒதுக்கித் தள்ளியிருந்தது. இரண்டு செடி கருவாடாகிப்போனது. கடைசியில் குழாய்த் தண்ணீரிடமே சமாதானமாகப் போனார். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வாளி பிடித்துத் திறந்து வைப்பார். பகல் முழுக்கக் குளோரின் வாசனை போகும். மாலையில் சொட்டு மருந்து மாதிரி அமிலம் விட்டு ஐந்து புள்ளி எட்டுக்குக் கொண்டுவருவார். சனிக்கிழமை காலையில் ஊற்றுவார்.

இப்படிப்பட்டவர் செடியில் புது இலை மஞ்சளாக வர ஆரம்பித்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். விளக்கை மாற்றினார், உரத்தை மாற்றினார். பூக்க வேண்டிய செடிகள் பூக்கவில்லை. அலமாரியிலிருந்த மருந்துப் போத்தலில் அடி தெரிந்தது. அக்கா முன்னைவிடச் சீக்கிரம் படுத்துக்கொண்டார். அண்ணை சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஊற்றுவதற்கு முன்னால் சனிக்கிழமை காலையில் மறுபடி அளந்தீர்களா என்று கேட்டேன். என் தொழில் புத்தி. அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. அளந்ததை மறுபடி அளப்பது மீட்டரை அவமதிப்பது என்பது அவர் கொள்கை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை அளந்தார். ஏழு புள்ளி ஒன்று.

அப்புறம் வீடு ரெண்டுபட்டது. வாளியின் அடியில் வெள்ளையாக வண்டல் இருந்ததைக் கண்டுபிடித்து, குழாய் சுண்ணாம்பு கக்குகிறது என்று தன் பிரெஞ்சில் நகராட்சிக்கு ஏழு பக்கம் எழுதினார். ஒரு மனிதர் வந்து சோதித்து, தண்ணீரில் குறையே இல்லை என்று சொல்லி, வடை தின்றுவிட்டுப் போனார். பிறகு சந்தேகம் என் மேல் திரும்பியது. துணி துவைக்க நிலவறைக்குப் போகிறவள் நான் ஒருத்திதானே. என் சோப்புத்தூளை அளந்தார். நான் ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு நானே போய், யார் என்று பார்த்துவிடுவோம் என்றேன். வெள்ளிக்கிழமை மாலை, அண்ணை சொட்டு விட்டு முடித்ததும் நாங்கள் இருவரும் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்தோம். ஐம்பது வயது மனிதரும், மாதச் சம்பளக்காரியும், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நகராட்சி ஆள்தான் பின்வாசல் வழியாக வரப்போகிறான் என்று அண்ணை இன்னமும் நம்பிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஒரு கால், ஒரு ஊன்றுகோல், மறுபடி ஒரு கால். அக்கா. படி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அக்கா, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பன்னிரண்டு படியையும் இறங்கி வந்தார். இடுப்பில் செருகியிருந்த திருநீற்று டப்பாவைத் திறந்தார். சிட்டிகை எல்லாம் இல்லை. வாளிக்கு ஒரு பிடி. கையை விட்டு நன்றாகக் கலக்கினார்.

“பிள்ளையாரே, எனக்கு நொந்தால் நான் தாங்குவன். இந்த மரங்கள் பட்டுப்போனால் அந்த மனுசன் தாங்காது. பாத்துக்கொள்,” என்றார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். எழுந்திருக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா மெல்ல மேலே ஏறிக் கதவைச் சாத்தினார். வாளியில் சாம்பல் விழுந்தால் பி.எச். ஏறும் என்பது ஆய்வுகூடத்தில் அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். செடி மஞ்சளாக மஞ்சளாக அக்கா திருநீற்றைக் கூட்டியிருக்கிறார். திருநீறு கூடக் கூடச் செடி இன்னும் மஞ்சளாகியிருக்கிறது.

நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீட்டரை எடுத்தார். அமிலப் போத்தலைத் திறந்து ஒவ்வொரு சொட்டாக விட்டார்.

“ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. எத்தினை சொட்டு எண்டு எண்ணும் பிள்ளை.”

எண்ணினேன். வாளிக்குப் பதினாறு.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இரண்டு வாளியும் சமையலறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தன. நிலவறைக் குளிர் தண்ணீருக்கு ஆகாதாம், வேர் விறைத்துவிடுமாம். அக்காவிடம் கால் மணி நேரம் விஞ்ஞானம் பேசி நம்பவைத்திருந்தார். அக்காவுக்கு இனி படி இல்லை. அவர் விளக்கேற்றி, திருநீறு போட்டுக் கலக்கிவிட்டுப் படுக்கப் போவார். சனிக்கிழமை காலையில் அண்ணை மறுபடி அளந்து, ஏறியதைச் சொட்டு விட்டு இறக்குவார். தன் கொள்கையை விட்டுக்கொடுத்து அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஒன்றரை மாதத்தில் புது இலைகள் பச்சையாக வந்தன. வெயில் காலத்தில் போத்தல் நிறைந்தது. அக்கா என் வீட்டுக்கு மாடிப்படி ஏறியே வந்துவிட்டார், அண்ணை பின்னால் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அக்கா என் காதில் ரகசியமாக, “அந்தாளிட்டைச் சொல்லிப்போடாதையும். எல்லாம் நான் போட்ட திருநீறுதான்,” என்றார். அது அண்ணைக்கும் கேட்டுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என் மேசையிலிருந்த மோரை அளக்க ஆரம்பித்தார்.

நான் திருச்சிக்குத் திரும்பி எத்தனையோ வருஷமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் திருநீறு எடுக்கும்போது விரல் தானாகவே கொஞ்சம் குறைத்துத்தான் எடுக்கிறது. அண்ணைக்கு ஒரு சொட்டாவது மிச்சமாகட்டும்.