ஓய்வு நேரத்துக்கு மார்க் போட்டவர்

அளவையர் என்று ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. இதை விலங்குக் காட்சிச்சாலையில் போய்த் தேட வேண்டாம். பக்கத்து வீட்டில் இருக்கும், அலுவலகத்தில் இருக்கும், அதிர்ஷ்டம் அதிகமானால் உங்கள் வீட்டு சோபாவிலேயே காலை நீட்டிப் படுத்திருக்கும். அடையாளம் காண்பது சுலபம். "ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதன் கொட்டாவி விட்டபடி தூங்கினேன் என்பான், இல்லாவிட்டால் கொசுவைத் திட்டுவான். அளவையர் வாயைத் திறக்க மாட்டார். கைக்கடிகாரத்தைத் தட்டி, கைப்பேசியைத் திறந்து, ஏதோ ஒரு வரைபடத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மலரும்: "தூங்கியிருக்கேன்!"

தான் தூங்கிய செய்தி அவருக்கே அப்போதுதான் தெரிய வருகிறது.

எனக்கு வாய்த்தவர் சிவகணேசன். மலேசியாவின் பத்து பாகாட்டில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். துணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பனியனில் ஒரு தையல் விலகியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் அவர்தான். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் மகள் லோஷினியும் என் மகள் பிரீத்தியும் நான்காம் ஆண்டில் ஒரே வகுப்பு. என் கார் பட்டறையில் கிடந்த நாள்களில் எங்களையும் அவர்தான் ஏற்றிக்கொண்டு போனார். எப்படி? பள்ளி வாசலில் இடம் காலியாக இருக்கும். அதைப் பெருமையோடு தாண்டிப் போய், கடைத்தெருக் கோடியில் நிறுத்துவார். "இறங்குங்க, நடக்கலாம், இன்னைக்கு நடைக் கணக்கு கொறையுது" என்பார். கணக்கு அவருக்கு, வியர்வை எனக்கு.

சந்தையில் மனைவி ரூபினி காய்கறிப் பையை நீட்டினால், கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். பை தூக்கினால் கை வீசாது, கை வீசாவிட்டால் கடிகாரம் எண்ணாது, கடிகாரம் எண்ணாவிட்டால் அந்த நடை நடந்ததாகவே ஆகாதல்லவா?

எழுந்து நில் என்று கடிகாரம் சொன்னால் உடனே எழுந்து நிற்பார். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை வாசுகி கழிவறைக் குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தலைவரின் மணிக்கட்டு சிணுங்கியது. தலைவர் விறைப்பாக எழுந்தார். தலைவரே எழுந்துவிட்டார், தேசிய கீதமாக்கும் என்று முன்வரிசை எழுந்தது. முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை எழுந்தது. சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த வீரமுத்து என்ற பெற்றோர் கண்ணைத் திறக்காமலே எழுந்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பாடவும் தொடங்கிவிட்டார். தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்துவது மரியாதையா? முழுக்கப் பாடி முடித்தோம். சிவகணேசன் மணிக்கட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

இப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு பள்ளிக்கூடமே கிடைத்தால் என்ன ஆகும்?

கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து சௌந்தர்யா என்ற ஆய்வாளர் பெட்டி நிறையப் பட்டைகளோடு வந்தார். பிள்ளைகள் ரெஹாட் என்று சொல்லும் ஓய்வு நேரத்தில் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்காக இரண்டு வாரம் அந்த நேரத்தில் மட்டும் ஒவ்வொரு பிள்ளையின் இடது மணிக்கட்டிலும் அசைவை அளக்கும் பட்டை. பட்டையின் சின்னத் திரையில் எண் தெரியும்.

"பிள்ளைங்க எப்பவும் போல இருக்கட்டும் சார்" என்றார் சௌந்தர்யா. "யாரு கூட, யாரு கம்மின்னு பாக்கறதுக்கு இல்ல. திடல்ல நெழல் போதுமா, எடம் போதுமான்னு தெரிஞ்சிக்கத்தான்."

"புரியுதுலா, புரியுது" என்றார் சிவகணேசன். அதற்குள் அவர் கைப்பேசியில் அட்டவணை தயாராகிவிட்டது.

பட்டை கழற்ற உதவி செய்கிறேன் என்று தினமும் வந்து நின்றார். கழற்றும்போதே எண்ணைப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வந்தது: பச்சை, மஞ்சள், சிவப்பு. பெயர் போடவில்லை, வகுப்பு இடாப்பில், அதாவது வருகைப் பதிவேட்டில், உள்ள எண்தான் போட்டிருக்கிறேன் என்று நியாயம் வேறு. எங்கள் பள்ளியில் எந்த எண் யார் பிள்ளை என்பது கேண்டீன் பூனைக்குக்கூடத் தெரியும்.

பச்சையில் முதலிடம் கார்த்திகேயன் என்ற பையனுக்கு. அவன் ரெஹாட் முழுவதும் பெஞ்சை விட்டு அசையவே இல்லை; முந்தின நாள் பார்த்த படத்தின் சண்டைக் காட்சியை இரண்டு கைகளாலும் விளக்கிக்கொண்டிருந்தான். சிவப்பில் கடைசி இடம் தலைவர் மகள் லோஷினிக்கு.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? கேண்டீன் நடைபாதையில் பிரீத்தியோடு உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடினாள். கல் என்றால் கல் இல்லை. துணித் துண்டுகளில் அரிசியைப் போட்டு ரூபினி தைத்துக் கொடுத்த குட்டிப் பொட்டலங்கள். பொட்டலம் பறப்பதும் பிடிபடுவதும் வலது கையில். பட்டை கட்டிய இடது கை மடியில் சொகுசாகக் கிடந்தது. அன்றாடம் சிவகணேசனின் காரில் ஏறியதும் யார் அழுகுணி ஆட்டம் ஆடினாள், யாருடைய மீ கோரேங் நூடுல்ஸ் யார் சட்டையில் கொட்டியது என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். யார் சொல்வதும் விளங்காது. அதைக் கேட்டுக்கொண்டு வருவதில் எனக்கு அப்படி ஒரு சுகம்.

அன்று சிவகணேசன் பேச்சை வெட்டினார். "என்னம்மா, ரெஹாட்ல சும்மா உக்காந்திருந்தியா?"

"இல்லப்பா, வெளயாண்டேன். நான்தான் ஜெயிச்சேன்!"

"கையில கட்டுன பேண்ட் அப்படிச் சொல்லலையே."

"நெசமா ஜெயிச்சேன்பா. பிரீத்தியக் கேளுங்க."

"அலமாக்! தலைவர் மக செவப்புல கெடந்தா நாளைக்கு என் பேச்ச யாரு கேப்பா? நாளையிலேர்ந்து திடலச் சுத்தி ஓடணும், சரியா?"

"சிவா, பேண்டு ஒரு கையில, வெளயாட்டு இன்னொரு கையில..." என்று நான் குறுக்கிட்டேன்.

"மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க" என்றார். அளவையரோடு வாதாடி ஜெயித்தவன் எவனாவது உண்டா?

லோஷினி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. ஓடினாள். வாயில் பன்னைத் திணித்துக்கொண்டு ஓடினாள், வெயிலில் ஓடினாள். மஞ்சளுக்கு ஏறினாள், பிறகு பச்சைக்கு ஏறினாள். தலைவர் குழுவில் தனக்குத் தானே கைதட்டும் பொம்மை போட்டுக்கொண்டார். மற்றப் பெற்றோருக்கும் வேகம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளின் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினார்கள். கழிவறைக்கு ஓடுவதும் கணக்கில் சேருமா என்று வீரமுத்து கேட்டார். சேரும் என்று தலைவர் தீர்ப்பு வழங்கினார். "எப்பவும் போல இருக்கட்டும்" என்று சௌந்தர்யா குழுவில் மறுபடி எழுதிய செய்திக்கு நாற்பது பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, மறுநாளும் பிள்ளைகளை விரட்டினார்கள்.

பிரீத்தி வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "கூப்பிட்டா நிக்க மாட்டேங்கிறாப்பா. அப்புறம் அப்புறம்னு சொல்லிக்கிட்டே ஓடுறா." காரிலும் லோஷினியின் கதைகள் நின்றுபோயின. எப்படி இருந்தது என்று அப்பா கேட்டால் எண்ணை மட்டும் சொல்வாள். அவர் "வெரி குட்" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் காரில் உட்கார்ந்துகொண்டு அவரையே எப்படித் திட்டுவது?

இரண்டு வாரம் முடிந்தது. சௌந்தர்யா பட்டைகளை எண்ணிப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனார். அப்பாடா என்றிருந்தது. மறுநாள் பள்ளி விட்டு வரும்போது சிவகணேசன் வழக்கம்போல் உற்சாகமாகத் திரும்பினார்.

"என்னம்மா, இன்னைக்கு ரெஹாட் எப்படி?"

லோஷினி ரெஹாட்டில் எண் பார்த்த பழக்கதோஷத்தில் இடது கையைத் தூக்கினாள். வெறும் கை. பட்டை இருந்த இடம் காலியாக இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியலப்பா. பேண்ட் இல்லையே."

"வெளயாண்டோம் அங்கிள்" என்றாள் பிரீத்தி. "எங்கூடதான் அஞ்சாங்கல் வெளயாண்டா. அவதான் ஜெயிச்சா. எவ்ளோ சிரிச்சா தெரியுமா?"

லோஷினி அவளை நம்பலாமா என்பதுபோல் அப்பாவைப் பார்த்தாள். சமிக்ஞை விளக்கில் கார் நின்றது. சிவகணேசன் திரும்பி மகளின் வெறும் கையைப் பார்த்தார். மனிதருக்கு உறைத்துவிட்டது, இனி இந்தப் பிள்ளை பிழைத்தது என்று நினைத்தேன். விளக்கு பச்சையானது.

"பாத்தீங்களா?" என்றார் என்னிடம். "இதுக்குத்தான் சொந்தமா ஒண்ணு வாங்கிக் கொடுக்கணும்ங்கிறது."

சிரிக்கிறீர்கள். நல்லது. நான் அந்த இனமில்லை, என் மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை பாருங்கள் என்று கையைத் தூக்கியும் காட்டுகிறீர்கள். கையை இறக்குங்கள். இந்த வேலைக்குப் பட்டை கட்டாயமில்லை, அது இல்லாத காலத்திலும் இந்த இனம் செழித்துத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், எனக்குப் பதில் சொல்லவும் வேண்டாம். போன முறை உங்கள் பிள்ளை சோதனைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, நீங்கள் முதலில் பார்த்தது தாளையா, முகத்தையா?