லிஃப்டுக்குள் மாமியார், சட்டைப் பையில் சாவி

சமூகப்பணித் துறையில் பேராசிரியராக இருக்கப் படிப்பு மட்டும் போதாது, பின்னணி வேண்டும். பட்ட கஷ்டத்தைச் சொல்லாமல் வாயைத் திறந்தால், வகுப்பில் பாதிப் பேர் கைபேசியைத் திறந்துவிடுகிற காலம் இது.

நம் துறைத் தலைவருக்குப் பின்னணி அமோகம். பூட்டு ரிப்பேர் செய்யும் பெட்டிக்கடையில் பிறந்து, சாவிக் கொத்தையே கிலுகிலுப்பையாக ஆட்டி வளர்ந்தவர். முதல் வகுப்பில் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். எந்த இடத்தில் தழுதழுக்கும் என்பது பழைய மாணவர்களுக்கு மனப்பாடம். சற்று முன்பே கைக்குட்டையை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

"எங்கப்பா ஊரார் பூட்டையெல்லாம் திறந்து குடுத்தார். என்னாச்சு? ஒருத்தருக்கும் பூட்டைத் திறக்கத் தெரியாமப் போச்சு! நாம யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது. காது கொடுக்கணும். அவங்க ஆற்றலால அவங்களே திறப்பாங்க."

இதுவே அவருடைய உலகம் போற்றும் கற்பித்தல் அணுகுமுறை.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் மாமியார் மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தது. கதவுதான் ஒரு விரற்கடை திறந்து, அத்தோடு போதும் என்று நின்றுவிட்டது.

அதைத் திறக்கும் அவசரச் சாவி துறைத் தலைவரின் பொறுப்பில், அதாவது சட்டைப் பையில், பத்திரமாக இருந்தது. கூச்சல் கேட்டு அவர் வந்தார். பின்னாலேயே மொத்த வகுப்பும் வந்தது.

"மாப்பிள்ளை, சீக்கிரம் திறங்க! எனக்கு சர்க்கரை. அவசரமா பாத்ரூம் போகணும்!"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன கை திரும்பி வந்து மோவாயைத் தடவியது.

"அத்தை, அவசரம்னு சொல்றீங்க."

"ஆமா!"

"அந்த அவசரம் உங்களுக்குள்ள எப்படி இருக்கு?"

"முட்டிக்கிட்டு இருக்கு!"

"கவனிங்க," என்றார் மாணவர்களிடம். "அனுபவத்தைத் தனக்கே உரிய மொழியில வெளிப்படுத்துறாங்க."

முன்னால் நின்ற மாணவி தயங்கினாள். "சார், சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"நான் திறந்தா அவங்க ஆற்றலை அவமதிச்ச மாதிரி ஆயிடும்மா."

"அவமதிச்சுத் தொலைங்க!" என்றது லிஃப்ட்.

"அத்தை, மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டுங்க. யாரும் குறுக்கிட மாட்டோம்."

 இப்போது உள்ளிருந்து குரல் நிதானமாக வந்தது.

"சரி, கொட்டுறேன். பிள்ளைங்களா, எழுதிக்குங்க. என் பொண்ணுக்கு இவரைப் பேசப் போனப்ப, இவங்கப்பாவோட பூட்டுத் தொழிற்சாலையைச் சுத்திக் காட்டினாங்க. சுத்திப் பாக்கவே கார் வேண்டியிருந்துச்சு."

பேனாக்கள் நின்றன.

"அத்தை, கொஞ்சம் மூச்சை நல்லா இழுத்து..."

"குறுக்கிட மாட்டோம்னீங்களே! வீட்டுக்குள்ளயே நீச்சல் குளம். மாப்பிள்ளை காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஷூ கயிறு கட்டிவிடறதுக்குன்னே ஓர் ஆளு. இன்னும் கேளுங்க, ராத்திரியில இவரு..."

சாவி எப்போது வெளியே வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கதவு திறந்திருந்தது. மாமியார் சாப்பாட்டுப் பாத்திரத்தை மருமகன் கையில் திணித்துவிட்டு வராந்தாவில் பறந்தார். நல்லவேளை, நேரத்தோடு பாத்ரூமை எட்டிவிட்டார்.

"சார், நீங்களே திறந்துட்டீங்களே?" என்றாள் அந்த மாணவி.

"நானா திறந்தேன்? அவங்க தன் ஆற்றலால என்னைத் திறக்க வெச்சாங்க. இதைத்தானே வருஷம் பூரா தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டிருக்கேன்!"

வகுப்பே கைதட்டியது.

பாடத்தை மாணவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது களப்பணிக்காக எந்த அலுவலகத்துக்குப் போனாலும், முதலில் அங்குள்ள அதிகாரியின் பின்னணியைத்தான் விசாரிக்கிறார்கள். பாதி சொல்வதற்குள் கதவுகள் படபடவென்று திறக்கின்றனவாம். துறைக்கு ஒரு கேடயம்கூட வந்தது.

லிஃப்ட் மட்டும் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. புகார் கொடுக்கலாம்தான். ஆனால் கொடுத்தவரின் பின்னணியையும் விசாரிப்பார்களே! மாமியார் என்று ஒருவர் நமக்கும் இருக்கிறாரே! அதனால் எல்லோரும் வாயைத் திறக்காமல் படியேறிக்கொண்டிருக்கிறோம். மூட்டுக்கு நல்லதாம்.