நீ உட்கார்ந்த எல்லைக்கல்

என் வீட்டுக்காரிக்கு,

நான் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய்யோடு ஆரம்பிக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன். நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் நன்றாக இருங்கள். இதைப் போனில் சொல்லலாம்தான். நீ ஸ்பீக்கரில் போடுவாய், மாப்பிள்ளை கேட்டுச் சிரிப்பார். ஆகவே கடிதம்.

நம் கடற்கரை மணல்மேட்டில் விடுதி கட்ட ஒரு கம்பெனி வந்திருக்கிறது. பொக்லைன் வந்து நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட மேடு, யாரும் கை வைக்கக்கூடாது என்று ஆட்சேபணை மனு போட்டேன். முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக இருந்தவன், சும்மா இருக்க முடியுமா? விசாரணையன்று இஸ்திரி போட்ட சட்டையில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கம்பெனி வக்கீல் ஒரு பழைய வரைபடத்தை விரித்து, "பாதுகாப்பு எல்லைக்கோடு இந்த இடத்துல மட்டும் நாற்பது அடி கடல் பக்கமா உள்ள போகுது. விட்டுப்போன அந்த நாற்பது அடியிலதான் நாங்க கட்டுறோம். வரைஞ்சது யாருன்னு கையெழுத்தைப் பாருங்க" என்றார். பார்த்தார்கள். என் கையெழுத்து. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதை அரசாங்கச் செலவில் செய்திருக்கிறேன்.

"கோடு ஏன் சார் இங்க வளையுது?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். என்னத்தைச் சொல்வது? நமக்குக் கல்யாணமாகி இருபதாவது நாள். கடலைப் பார்த்ததே இல்லை என்றாயே என்று அளவு வேலைக்கு உன்னையும் கூட்டிப்போனேன். மேட்டின் ஊர்ப்பக்க அடிவாரத்தில் நட வேண்டிய ஐந்தாவது எல்லைக்கல்லை ஆட்கள் மேட்டு மேலேயே போட்டிருந்தார்கள். நீ அதில் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்தாய். பார்த்தாய், பார்த்தாய், பார்த்துக்கொண்டே இருந்தாய். எழுந்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள் வந்து, "சார், பொழுது சாயுது, அம்மா எந்திரிக்கிற மாதிரி தெரியலையே" என்றான். "அவ எந்திரிச்சதும் அங்கேயே நட்டுடுப்பா" என்றேன்.

அதிகாரியிடமும் மறைக்கவில்லை. "என் மனைவி உட்கார்ந்திருந்தாங்க சார்" என்றேன். டைப் அடிக்கிற அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அவர் மட்டும் சிரிக்காமல், "சாட்சி உண்டா?" என்றார். அன்றைக்கு வந்த ஆட்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. நீதான் இருக்கிறாய்.

ஆகையால் உடனே புறப்பட்டு வரவும். மேட்டுக்காகத்தான் கூப்பிடுகிறேன், எனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போனாய், பேத்தி இப்போது ஓடுகிறாள், அதையெல்லாம் நான் கேட்டேனா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு குழைகிறது, சாப்பிடுகிறேன். நேத்து பாரு, கதவைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு, வந்துட்டியான்னு கத்திக்கிட்டே ஓடினேன், கேஸ்காரர். அந்த மனுஷனுக்கே என்னவோ போல ஆயிடுச்சு. சாயங்காலம் போய் அந்தக் கல்லுல உட்கார்றேன். அன்னைக்கு அவ்வளவு நேரம் நீ என்னத்தைப் பார்த்தேன்னு உன்னை ஒரு நாள்கூடக் கேக்கலையே. இப்பக் கேக்கணும்போல இருக்கு, பக்கத்துல நீ இல்ல.

பேத்திக்கு ரெண்டு கன்னத்திலும் முத்தம். மாப்பிள்ளைக்கு வணக்கம். மகள் நூறு வருஷம் சிறப்பாக வாழட்டும், உன்னை மட்டும் அனுப்பிவைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சர்வேயர்

பின்குறிப்பு: மனசு கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமையே அதிகாரி நேரில் வந்து மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல் இடம் மாறி நடப்பட்டது என்று எழுதிக் கட்டடத்துக்குத் தடை போட்டுவிட்டார். பொக்லைனும் போய்விட்டது. சாட்சி இனி யாருக்கும் வேண்டாம். எனக்குத்தான் நீ வேணும். வந்துடு.